எல்லார் மணிக்கட்டிலும் ஒரே நேரம்



இந்த வாரம் மிக எளிய பொருளொன்றின் வரலாற்றை உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன். கறுப்பு பிளாஸ்டிக் கூடு, அதனோடு இணைந்த கறுப்புப் பட்டை, நீலக் கோடு சூழ்ந்த சிறு திரை, ஓரங்களில் மூன்று பொத்தான்கள். எல்லாம் சேர்ந்து 21 கிராம். ஜப்பானின் கேசியோ நிறுவனம் 1989-இல் வெளியிட்ட எஃப்-91டபிள்யூ என்னும் கைக்கடிகாரம் அது. பெயர் தெரியாவிட்டாலும் நீங்கள் அதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் சிலர் இதை வாசிக்கும்போதே அதை அணிந்திருக்கவும் கூடும்.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் அது ஏறத்தாழ அதே உருவத்தில் விற்பனையாகிறது. இதயத்துடிப்பை எண்ணும் கடிகாரங்களும் தொலைபேசி அழைப்பை ஏற்கும் கடிகாரங்களும் வந்துவிட்டன. ஆயினும் 2011-இல் வெளியான செய்திக் குறிப்புகளின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் எஃப்-91டபிள்யூ கடிகாரங்கள் செய்யப்பட்டன. இதன் ஈர்ப்பு எதில் இருக்கிறது? இதற்கு விடை காண, நேரம் யாருக்குச் சொந்தமாய் இருந்தது என்னும் பழைய கதைக்கு நாம் சற்றே திரும்ப வேண்டும்.

இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயத்தில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. அது ஏறத்தாழ 1386-இல் செய்யப்பட்டதென்று கருதப்படுகிறது. அதற்கு முகப்பு இல்லை, முள்ளும் இல்லை. மணிக்கு ஒருமுறை மணியடிப்பதே அதன் வேலை. வயலில் நின்றவனும் சந்தையில் நின்றவளும் பண்ணையாரும் ஒரே ஓசையைக் கேட்டார்கள். நேரம் அன்று ஊர்ப் பொதுவாய் இருந்தது. பின்னர் அது கோபுரத்திலிருந்து இறங்கிச் சட்டைப் பைக்குள் நுழைந்தபோது, பொன்னிலும் வெள்ளியிலும் கூடு செய்து வாங்க முடிந்தவர்களுக்கே அது உரியதாயிற்று. கடிகாரம் நேரத்தை மட்டுமல்ல, உடையவரின் தகுதியையும் காட்டத் தொடங்கியது.

இந்த நிலையை மாற்றியது குவார்ட்ஸ் என்னும் படிகக் கல். மின்னழுத்தம் கொடுத்தால் அது மாறாத வேகத்தில் அதிரும். 1927-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசனும் ஜே. டபிள்யூ. ஹார்ட்டனும் இந்த அதிர்வைக் கொண்டு முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தை அமைத்தனர். இன்றைய கைக்கடிகாரங்களில் உள்ள படிகம் கவைபோன்ற சிறு துண்டு. நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கிப் பாருங்கள். சரியாக ஒன்று கிடைக்கும். அந்த ஒன்றுதான் ஒரு நொடி. பல்சக்கரங்களும் சுருள்வில்லும் தேர்ந்த கைவினைஞரும் செய்துவந்த பணியை ஒரு கல்லும் ஒரு சிறிய மின்சுற்றும் செய்யலாயின.

ஆனால் அந்தக் கல்லும் முதலில் செல்வரிடமே சென்றது. 1969-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று டோக்கியோவில் சைக்கோ நிறுவனம் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு வைத்தது. அஸ்ட்ரான் என்பது அதன் பெயர். விலை 4,50,000 யென். அன்று ஜப்பானில் ஒரு சிறிய காரே அந்த விலைக்குக் கிடைத்தது. 1972-இல் அமெரிக்காவின் ஹாமில்டன் நிறுவனம் முள் இல்லாமல் எண்களாலேயே நேரம் காட்டும் பல்சர் கடிகாரத்தைப் பொற்கூட்டில் 2,100 டாலருக்கு விற்றது. அதன் சிவப்பு எல்.இ.டி. எண்கள் மின்சாரத்தை மிகுதியாகக் குடித்ததால் அவற்றை எப்போதும் எரியவிட இயலவில்லை. பொத்தானை அழுத்தினால்தான் நேரம் தெரியும். ஒரு கையில் கட்டிய கடிகாரத்தைப் பார்க்க மறு கையும் வேண்டியிருந்தது!

அதன்பின் விலை சரிந்த வேகம் வியப்புக்குரியது. 1976-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் பிளாஸ்டிக் கூட்டில் அமைந்த டிஜிட்டல் கடிகாரத்தை 20 டாலருக்குக் கொடுத்தது. அடுத்த ஆண்டு அதுவும் பாதியாயிற்று. இந்த மலிவுக்கு ஒரு விலை இருந்ததை நாம் மறைக்கலாகாது. 1970-இல் சுவிட்சர்லாந்தின் கடிகாரத் தொழிலில் ஏறத்தாழ 90,000 பேர் இருந்தனர். 1980-களின் பிற்பகுதிக்குள் அந்த எண்ணிக்கை 30,000 அளவுக்குக் குறைந்துவிட்டது. எளியவரின் கைக்கு நேரம் வந்து சேர்ந்தபோது, வேறு எளியவர் பலரின் கைகள் வேலையை இழந்தன. வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் தன் வரவையும் செலவையும் ஒரே ஏட்டில் எழுதுகிறது.

கேசியோ கடிகார மரபில் பிறந்த நிறுவனம் அன்று. 1946-இல் டோக்கியோவில் டடாவோ காஷியோ தொடங்கிய சிறிய பட்டறையே அதன் மூலம். போருக்குப் பிந்திய பஞ்ச காலத்தில் சிகரெட்டைக் கடைசி வரை புகைக்க உதவும் ஒரு மோதிரம் அவர்களுக்கு முதல் வருவாய் ஈட்டித் தந்தது. உடன்பிறந்தார் நால்வரும் சேர்ந்து உழைத்து 1957-இல் மின்சாரக் கணிப்பொறி ஒன்றை வெளியிட்டனர். 1974-இல் அவர்கள் கடிகாரத்துக்குள் இறங்கியபோது, அவர்களுடைய பார்வை நகைக்கடைக்காரரின் பார்வையாய் இல்லாமல் கணக்கரின் பார்வையாய் இருந்தது. நேரம் என்பது நொடிமேல் நொடியாகக் கூட்டிக்கொண்டே போகும் ஒரு கணக்கு என்றே அவர்கள் எண்ணினர். கேசியோட்ரான் என்னும் அந்த முதல் கடிகாரம், மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்பதையும் தானே அறிந்து தேதியை மாற்றியது.

இந்த மரபில் வந்ததுதான் எஃப்-91டபிள்யூ. அதை வடிவமைத்தவர் ரியூசுகே மொரியாய். கேசியோவில் அவர் வடிவமைத்த முதல் கடிகாரம் இதுவே. திரையிலுள்ள எண்கள் திரவப் படிகத்தால் ஆனவை. அவை தாமாக ஒளிர்வதில்லை. புற ஒளியைத் தடுத்துக் கறுப்பாய்த் தெரிகின்றன. ஆகவே அவற்றுக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சிறிது. மெல்லிய நாணயம்போன்ற ஒரே பேட்டரியில் அது ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஓடும். மாதத்துக்கு 30 நொடிக்கு மேல் பிழை வராது என்பது நிறுவனத்தின் கணக்கு. அதாவது நாளுக்கு ஒரு நொடி. சுவிட்சர்லாந்தில் சோதித்துச் சான்றளிக்கப்படும் விலையுயர்ந்த இயந்திரக் கடிகாரத்துக்கோ, நாளொன்றுக்கு 4 நொடி பிந்தவும் 6 நொடி முந்தவும் இடமுண்டு. அமெரிக்காவில் 20 டாலர் அளவில் கிடைக்கும் பொருள் இந்த ஒப்பீட்டில் வெல்கிறது.

அதற்குக் குறைகள் இல்லையா? உண்டு. இரவில் அதன் பச்சை விளக்கு திரையின் ஒரு பக்கத்தை மட்டுமே மங்கலாகக் காட்டும். ஓரளவு நீர் தாங்குமே தவிர நீச்சலுக்கு ஏற்றதன்று. ஸ்டாப்வாட்ச் ஒரு மணி நேரத்துக்கு மேல் எண்ணாது. பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள் என்றே அது நம்புகிறது. நெட்டாண்டில் 29-ஆம் தேதியன்று 1 என்று காட்டும். நாம்தான் திருத்த வேண்டும். ஆனால் இக்குறைகள் யாரையும் ஏமாற்றுவதில்லை. அது தன்னால் இயன்றதை மட்டும் சொல்லி, சொன்னதைச் செய்கிறது. மணிக்கு ஒருமுறை மெல்லிய கீச்சொலி எழுப்புகிறது. சால்ஸ்பரியின் முகமற்ற கடிகாரம் ஊருக்குச் செய்ததை இது ஒரு மனிதருக்குச் செய்கிறது.

அன்பானவர்களே, இக்கடிகாரத்தின் கதையில் ஓர் இருண்ட அதிகாரமும் உண்டு. அதைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

1994 டிசம்பரில் பிலிப்பைன் ஏர்லைன்ஸ் விமானமொன்றில் குண்டு வெடித்து ஒரு பயணி உயிரிழந்தார். குண்டை வைத்த ரம்சி யூசுப், நேரம் குறிப்பதற்குக் கேசியோ டிஜிட்டல் கடிகாரம் ஒன்றைப் பயன்படுத்தியிருந்தான். மலிவும் நம்பகமும் நல்லவருக்கு மட்டும் உதவுவன அல்ல. ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டுப் பயிற்சி பெற்றோருக்கு எஃப்-91டபிள்யூ வழங்கப்பட்டதென்று அமெரிக்க உளவுத்துறையினர் பின்னர் குறித்தனர். 2002-இல் குவாண்டானமோ விரிகுடாவில் சிறைமுகாம் திறக்கப்பட்டது. அங்கே அடைக்கப்பட்டோரைப் பற்றிய கோப்புகளில், பிடிபட்டபோது மணிக்கட்டில் இந்தக் கடிகாரம் இருந்தது என்பதே ஐயத்துக்குரிய அடையாளங்களுள் ஒன்றாக எழுதப்பட்டது. 2011-இல் விக்கிலீக்ஸ் வழியாக அக்கோப்புகள் வெளிவந்தபோது உலகம் இதை விரிவாக அறிந்தது.

அந்தக் கோப்புகளில் உள்ள ஒரு கணக்கைக் கவனியுங்கள். இக்கடிகாரத்தோடு பிடிபட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு வெடிபொருள்களோடு தொடர்பு இருந்ததாக அவை கூறுகின்றன. குற்றஞ்சாட்டியவர்களின் கணக்கே இது. அதை அப்படியே ஏற்றாலும், எஞ்சிய இரு பங்கினரின் மணிக்கட்டில் இருந்தது எதைக் காட்டியது? நேரத்தை மட்டுமே. இலட்சக்கணக்கானோர் அணிவதைத்தானே நாங்களும் அணிந்தோம் என்று கைதிகள் விசாரணைக் குழுவின் முன் கூறினர். இந்த முகாமிலேயே எங்களுக்காக அமர்த்தப்பட்ட இஸ்லாமியக் குருமாரும் இதே கடிகாரத்தை அணிந்திருக்கிறார்களே என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். அமெரிக்கப் படையின் குரு அணிந்தால் கடிகாரம். கைதி அணிந்தால் சான்று. பொருள் ஒன்றே. அணிந்தவர் யார் என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாற்றப்பட்டது.

எல்லாருக்கும் பொதுவான ஒன்று எவரையும் அடையாளம் காட்டாது. மழைக்குக் குடை பிடித்தவர் எல்லாரும் ஒரே கூட்டத்தார் என்று யாரும் சொல்வதில்லை. ஆயினும் அச்சம் மிகும்போது அறிவுடையோரும் இந்தத் தவற்றைச் செய்கின்றனர். அதன் சுமை, வேறு கடிகாரம் வாங்க வசதியில்லாதவர்மீதே பெரிதும் விழுகிறது. பொற்கடிகாரம் அணிந்தவரை அவருடைய கடிகாரம் காப்பாற்றும். பிளாஸ்டிக் கடிகாரம் அணிந்தவரைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இக்கடிகாரத்தின் நீடித்த ஈர்ப்புக்கு மலிவு ஒரு காரணம். உறுதி மற்றொரு காரணம். ஆனால் அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருப்பதாக நான் எண்ணுகிறேன். இது அணிந்தவரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மாணவரும் கட்டடத் தொழிலாளியும் போர்வீரரும், பணம் மிகுந்தும் வேண்டுமென்றே இதைத் தேர்ந்தவரும், இதன்முன் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். நாளின் 24 மணி நேரம் எவருக்கும் கூட்டியோ குறைத்தோ அளக்கப்படவில்லை. அதை அளக்கும் கருவியும் ஏறத்தாழ எல்லார் கைக்கும் எட்டக்கூடியதாய் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

ஆகவே, பேருந்திலோ அலுவலகத்திலோ அடுத்த முறை ஒருவரின் கையை நீங்கள் பார்க்கும்போது, அங்கே கட்டியிருப்பது என்ன விலை, அதிலிருந்து இவர் எப்படிப்பட்டவர் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். அந்தக் கணக்கை அங்கேயே நிறுத்துங்கள். கடிகாரத்திடம் நேரத்தை மட்டும் கேளுங்கள். மனிதரைப் பற்றி அறிய விரும்பினால், அவரிடமே பேசுங்கள்.