முட்டைக்கோஸ் சந்தா: ஹானிபல் என்ற ஆற்றங்கரை ஊரின் பத்திரிகைக் கதை

இரண்டாயிரம் பேர் வசிக்கும் ஊருக்கு ஒரு செய்தித்தாள் எதற்கு? யார் வீட்டில் கல்யாணம், யார் கடையில் தீ, யார் யாரிடம் அடி வாங்கினார் என்பதெல்லாம் அச்சு ஏறுவதற்குள் கிணற்றடியில் பேசி முடித்திருப்பார்கள். ஆனாலும் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள ஹானிபல் என்ற ஊரில் 1850 வாக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. 1850 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்த ஊரில் இருந்தது ஏறத்தாழ 2,000 பேர்தான்!

ஹானிபல் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது மார்க் ட்வைன். டாம் சாயரும் ஹக்கிள்பெரி ஃபின்னும் சுற்றிய ஊர் இதுதான். அவருடைய நாவல்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே பார்க்கப்போவது நாவலுக்கு முந்தைய கதை. அவர் சாம் கிளமென்ஸ் என்ற பையனாக மை பூசிய கையோடு ஊர்ச் செய்திகளை அச்சுக் கோத்த கதை. அதைவிட முக்கியமாக, அந்தப் பத்திரிகை எப்படிப் பிழைத்தது (அல்லது பிழைக்கவில்லை) என்ற கதை.

முதலில் ஊர். 1819ல் உருவானது. செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வடக்கே சுமார் 100 மைல். புகையிலை, சணல், பன்றி இறைச்சி ஆகியவைதான் வியாபாரம். நீராவிப் படகு வரும்போது ஊரே கரைக்கு ஓடும், படகு போனதும் மறுபடி தூங்கிவிடும். கிளமென்ஸ் குடும்பம் இங்கே வந்தது 1839ல். அப்பா ஜான் மார்ஷல் கிளமென்ஸ் கொஞ்ச காலம் ஊரின் அமைதி நீதிபதியாக இருந்தவர். மரியாதை உண்டு, காசு கிடையாது. 1847 மார்ச்சில் அவர் இறந்தபோது சாமுக்கு வயது 11.

அடுத்த வருடமே சாம், ஜோசப் ஏமென்ட் என்பவரின் 'மிசௌரி கூரியர்' அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தான். சம்பளம் சாப்பாடும் துணியும் மட்டும். துணி என்றால் முதலாளி போட்டுக் கழித்த பழைய துணி. முதலாளி இவனைப் போல இரண்டு மடங்கு உருவம் உள்ளவர் என்பதை நினைத்துப் பார்த்தால் மற்றதைச் சொல்லவே வேண்டாம்.

அச்சகத்தில் பையனுக்கு என்ன வேலை? காலையில் தீ மூட்டுவது, தண்ணீர் கொண்டுவருவது, தரை கூட்டுவது, உருளைகளைக் கழுவுவது, காகிதத்தை நனைத்து வைப்பது (அந்தக் காலக் கையச்சில் காகிதம் ஈரமாக இருந்தால்தான் எழுத்து ஒழுங்காகப் பதியும்), அச்சானதை மடிப்பது, கடைசியில் வியாழன் விடியற்காலை வீடு வீடாகப் போடுவது. 1886ல் நியூயார்க்கில் அச்சுத் தொழில் அதிபர்கள் சங்க விருந்தில் பேசும்போது மார்க் ட்வைன் இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். பத்திரிகை போடும் பையன் மீது ஊர் நாய்கள் எல்லாவற்றுக்கும் தனி அக்கறை இருந்ததாம்.

அதே பேச்சில்தான் வணிகவியல் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கும் வருகிறது. உள்ளூர்ச் சந்தாதாரர்கள் 100 பேர், சுற்றுப்புறக் கிராமங்களில் 350 பேர். ஊர்க்காரர்கள் சந்தாவை மளிகைச் சாமானாகக் கொடுப்பார்கள். கிராமத்துக்காரர்கள் முட்டைக்கோஸாகவும் விறகாகவும் கொடுப்பார்கள். அதுவும் கொடுத்தால்தான்! கொடுத்தவரின் பெயரைப் பத்திரிகையில் நன்றியோடு போட வேண்டும். மறந்துபோனால் அடுத்த வாரம் அவர் பத்திரிகையை நிறுத்திவிடுவார். மொத்தத்தில் 'வரவேண்டிய கடன்' என்ற தலைப்பின் கீழ் ஒரு காய்கறிக் கடையே இருந்திருக்கிறது.

காசு வராத தொழிலை ஏன் இத்தனை பேர் நடத்தினார்கள்? ஒரு காரணம் அரசாங்கத்தின் தபால் கொள்கை. 1792ஆம் ஆண்டுத் தபால் சட்டத்தின்படி ஒரு பத்திரிகை ஆசிரியர் இன்னொரு பத்திரிகை ஆசிரியருக்கு இதழை இலவசமாக அனுப்பலாம். எனவே நிருபர், தந்தி எதுவும் இல்லாமலே தினமும் மூட்டையாகச் செய்தி வந்து சேரும். கத்தரிக்கோலை எடுத்து வெட்டி ஒட்டினால் பக்கம் நிரம்பிவிடும். 1851ல் வந்த இன்னொரு சட்டம் வாரப் பத்திரிகைகளை அந்தந்த மாவட்டத்துக்குள் தபால் செலவே இல்லாமல் அனுப்ப அனுமதித்தது. ஆரம்பிப்பது சுலபம், லாபம் பார்ப்பதுதான் கஷ்டம்.

இதன் விளைவு ஒன்று உண்டு. அந்தக் கால ஊர்ப் பத்திரிகையைப் புரட்டினால் வாஷிங்டன் அரசியலும் கலிபோர்னியாத் தங்கமும் ஐரோப்பியச் சண்டையும் நிறைய இருக்கும். ஹானிபலைப் பற்றி மட்டும் நாலைந்து வரிதான் இருக்கும். ஊர்ச் செய்திதான் எல்லோருக்கும் தெரியுமே என்ற நினைப்பு. 'லோக்கல்' என்று தனிப் பத்தி வைத்து அன்றாட நிகழ்ச்சிகளை எழுதும் வழக்கம் இந்தக் காலகட்டத்தில்தான் மெல்ல வளர்ந்தது.

இனி அண்ணன் ஓரியன். சாமை விடப் பத்து வயது மூத்தவர், செயின்ட் லூயிஸில் அச்சுக் கோப்பவர். ரொம்ப நல்லவர், ரொம்ப மோசமான வியாபாரி. 1850ல் ஊருக்குத் திரும்பி 'வெஸ்டர்ன் யூனியன்' என்ற பத்திரிகையை ஆரம்பித்தார் (பணம் அனுப்பும் கம்பெனி இல்லை, அது வேறு!). 1851ல் 'ஹானிபல் ஜர்னல்' பத்திரிகையை விலைக்கு வாங்கினார். தம்பி பின்னாளில் சுயசரிதையில் தரும் கணக்கு இது: இயந்திரம், நல்லெண்ணம் எல்லாம் சேர்த்து விலை 500 டாலர். முழுத்தொகையும் ஊருக்கு வெளியே இருந்த ஒரு விவசாயியிடம் 10 சதவீத வட்டிக்கு வாங்கிய கடன். வாங்கிய கையோடு ஓரியன் ஆண்டுச் சந்தாவை இரண்டு டாலரிலிருந்து ஒரு டாலராகக் குறைத்தார். விளம்பரக் கட்டணத்தையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைத்தார்.

விலையைக் குறைத்தால் விற்பனை கூடும் என்பது பாடப்புத்தக விதி. ஆனால் ஊரில் இருப்பதே 2,000 பேர், போட்டிக்கு வேறு பத்திரிகைகளும் உண்டு. மேலே சொன்ன 450 சந்தாதாரர்களையே வைத்துக் கணக்குப் போட்டால், பழைய விலையில் 900 டாலர், புது விலையில் 450 டாலர். அதிலும் பெரும்பகுதி முட்டைக்கோஸ். வட்டி மட்டும் வருடத்துக்கு 50 டாலர், அதை ரொக்கமாகத்தான் கட்டியாக வேண்டும். விறகைக் கொடுத்தால் கடன்காரர் வாங்கமாட்டார், அவரே விவசாயி! சாமுக்கு வாரம் மூன்றரை டாலர் சம்பளம் என்று பேசினார் ஓரியன். தாராளமான சம்பளம்தான். ஒரு சென்ட் கூடக் கொடுத்ததில்லை.

துரதிர்ஷ்டமும் துரத்தியது. ஒரு ராத்திரி பசுமாடு ஒன்று அச்சகத்துக்குள் புகுந்து எழுத்துப் பெட்டியைக் கவிழ்த்துவிட்டு, இரண்டு மை உருளைகளைத் தின்றுவிட்டுப் போனது. இது என்ன கதை என்று தோன்றலாம். அந்தக் காலத்து உருளைகளைப் பசையும் வெல்லப்பாகும் சேர்த்துக் காய்ச்சித்தான் செய்வார்கள். மாட்டைக் குறை சொல்ல முடியாது. பிறகு ஒரு தீ விபத்து. கடைசியில் வாடகை கொடுக்க முடியாமல் அச்சகத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில்தான் சாம் எழுத ஆரம்பித்தான். 1851 ஜனவரியில் அச்சகத்துக்குப் பக்கத்துக் கடையில் தீப்பிடித்தது. கூட வேலை பார்த்த பையன் பதற்றத்தில் துடைப்பம், சுத்தியல், கை கழுவும் பாத்திரம், அழுக்குத் துண்டு என்று ஒன்றுக்கும் உதவாத பொருட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதை வைத்து சாம் எழுதிய சிறு துணுக்குதான் அவர் எழுதியவற்றில் அச்சில் வந்ததாகத் தெரிகிற முதல் எழுத்து.

1852 செப்டம்பரில் ஓரியன் வெளியூர் போக, பதினாறு வயது சாம் கையில் பத்திரிகை வந்தது. போட்டிப் பத்திரிகையான 'மெசஞ்சர்' ஆசிரியர் ஹிண்டன் ஒரு காதல் தோல்வியில் பேர் கிரீக் ஓடையில் விழுந்து சாகப் போனார் என்றும், பிறகு மனம் மாறித் திரும்பிவிட்டார் என்றும் ஊரில் பேச்சு. சாம் அதைப் பிடித்துக்கொண்டான். ஹிண்டன் கையில் விளக்கோடு, ஆழம் எவ்வளவு என்று கைத்தடியால் பார்த்துப் பார்த்து ஓடையில் இறங்குவது போல ஒரு மரக்கட்டைப் படத்தைத் தானே செதுக்கிப் போட்டுவிட்டான். ஊர் சிரித்தது, ஹிண்டன் கொதித்தார். திரும்பி வந்த ஓரியன், எல்லாம் வேடிக்கைக்காக எழுதியது என்று சமாதானம் எழுத வேண்டியதாயிற்று. அந்த வாரம் 33 புதுச் சந்தாதாரர்கள் சேர்ந்ததாகவும், அதற்கு அத்தாட்சியாக வீடு நிறையக் காய்கறி வந்ததாகவும் சாம் பின்னால் எழுதினார். இதில் அவருடைய மிகைப்படுத்தல் எவ்வளவு என்பதை வாசகர்கள் அவரவர் விருப்பப்படி கழித்துக்கொள்ளலாம்.

ஆனால் செத்துப்போக நினைத்த ஒரு மனிதரைப் படம் போட்டுக் கேலி செய்தது பத்திரிகையின் நல்ல பக்கம் அல்ல. சின்ன ஊரில் செய்தி என்றால் அது யாரோ தெரிந்தவரைப் பற்றியதுதான். எழுதியவரும் எழுதப்பட்டவரும் மறுநாள் ஒரே தெருவில் எதிரெதிரே வந்தாக வேண்டும்.

1853 ஜனவரியில் நடந்தது இன்னும் கடுமையானது. குடித்துவிட்டுத் திரிந்த ஒரு நாடோடியை ஊர்ச் சிறையில் அடைத்தார்கள். இரவில் அவர் படுக்கையில் தீப்பற்றி, கதவைத் திறக்க முடியாமல் உள்ளேயே கருகிச் செத்தார். பத்திரிகைக்கு அது ஒரு விபத்துச் செய்தி. அன்று மாலை புகைப்பிடிக்கத் தீக்குச்சி கேட்ட அவருக்கு அதைக் கொடுத்தவன் சாம். அந்தக் குற்ற உணர்ச்சியை அவர் வெளியே எழுதியது முப்பது வருடம் கழித்து, 1883ல் வந்த மிசிசிப்பி பற்றிய புத்தகத்தில்தான்.

இங்கேதான் ஹானிபல் பத்திரிகைகளின் முக்கியமான கேள்வி எழுகிறது. எது செய்தி, யாருக்கு நடந்தால் செய்தி?

மிசௌரி அடிமை முறை இருந்த மாநிலம். ஆற்றைத் தாண்டினால் இல்லினாய், அங்கே அடிமை முறை இல்லை. நடுவில் ஒரு மைல் அகலம்கூட இல்லாத தண்ணீர். 1841ல் இல்லினாயிலிருந்து வந்து அடிமைகள் தப்பிக்க உதவ முயன்ற மூன்று பேருக்குப் பக்கத்து ஊரான பல்மைராவில் 12 வருடச் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். தீர்ப்புச் சொன்ன ஜூரியில் சாமின் அப்பாவும் ஒருவர். ஊர்ப் பத்திரிகைகளில் அடிமை விற்பனைக்கும், ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துத் தருவதற்கும் விளம்பரங்கள் வரும். தோளில் மூட்டையோடு ஓடும் சின்ன மனித உருவத்தை எழுத்து வார்க்கும் கம்பெனிகளே தயாராக வார்த்து விற்றன. படகுப் படம், குதிரைப் படம் போல அதுவும் ஒரு அச்சு. அந்த விளம்பரங்களைக் கோத்த கைகளில் சாமின் கையும் ஒன்று. பழைய ஹானிபல் இதழ்களைத் தேடிப் படித்த ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள்.

1847 ஆகஸ்டில் 'ஜர்னல்' ஒரு துண்டுச் செய்தி போட்டது (அப்போது அது ஓரியன் கையில் இல்லை). ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஸ்னை தீவில் மீன் பிடிக்கப் போனவர்கள் ஒரு கறுப்பின மனிதரின் உடலைக் கண்டார்கள். ஓடிப்போனதாகத் துண்டறிக்கையில் சொல்லப்பட்ட அடிமையின் அடையாளங்களோடு அது பொருந்தியது. அவ்வளவுதான் செய்தி.

செய்தியில் இல்லாதது இது: அந்த மனிதரை முதலில் சதுப்பில் பார்த்தவர் பென்ஸ் பிளாங்கன்ஷிப். ஊரில் யாரும் மதிக்காத குடிகாரர் ஒருவரின் மகன். இவருடைய தம்பி டாம்தான் பின்னாளில் ஹக் ஃபின் பாத்திரத்துக்கு முன்மாதிரி. பிடித்துக் கொடுத்தால் 50 டாலர் பரிசு. ஓரியன் ஒரு வருடம் முழுக்க அலைந்து கட்டிய வட்டித் தொகை அது. சாப்பாட்டுக்கே வழியில்லாத வீட்டுக்கு எவ்வளவு பெரிய தொகை என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அதே சமயம், ஓடிப்போனவருக்கு உதவுவது சட்டப்படி குற்றம், ஊர் வழக்கப்படி அவமானம். பென்ஸ் காட்டிக் கொடுக்கவில்லை. அந்தக் கோடை முழுக்க ரகசியமாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார். கடைசியில் மரம் வெட்டுகிறவர்கள் கண்டுபிடித்துத் துரத்தியபோது அந்த மனிதர் தண்ணீரில் மூழ்கினார். சில நாள் கழித்து உடல் மேலே வந்தபோது பார்த்தவர்களில் பதினொரு வயது சாமும் அவன் நண்பர்களும் இருந்தார்கள்.

இந்தப் பகுதி எந்த இதழிலும் வரவில்லை, வந்திருக்கவும் முடியாது. போட்டிருந்தால் பென்ஸ் சிறைக்குப் போயிருப்பார், பத்திரிகைக்குச் சந்தாதாரர் ஒருவர்கூட மிஞ்சியிருக்கமாட்டார். 1884ல் வந்த 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில், ஓடிப்போன ஜிம்மைக் காட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்று ஹக் தவிக்கும் இடத்தில்தான் அது வெளியே வந்தது.

பத்திரிகைக்கு என்ன ஆயிற்று? 1853 மார்ச்சில் ஓரியன் தைரியமாகத் தினசரி ஒன்றையும் ஆரம்பித்தார் (வாரப் பத்திரிகையே ஓடாதபோது தினசரி!). மே மாதம் சாம் அதில் ஒரு காதல் கவிதை போட்டு, அதை 'எச்—எல்' ஊர் கேட்டி என்ற பெண்ணுக்கு என்று தலைப்புக் கொடுத்தான். ஹானிபலின் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும்தான், ஆனால் ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு நரகம் என்றும் தெரியும். ஜூன் மாதம் சம்பளம் வராத வேலையை விட்டுவிட்டு ஊரை விட்டே கிளம்பினான். முதலில் செயின்ட் லூயிஸ், அப்புறம் நியூயார்க். செப்டம்பரில் ஓரியன் பத்திரிகையை விற்றுவிட்டு, அம்மாவையும் இன்னொரு தம்பி ஹென்றியையும் அழைத்துக்கொண்டு அதே ஆற்றின் மேல்பக்கம் அயோவா மாநிலத்திலுள்ள மஸ்கட்டைன் என்ற ஊருக்குப் போனார். அங்கே அடிமை முறை கிடையாது. போன கையோடு இன்னொரு பத்திரிகையில் பங்கு வாங்கினார்.