உப்புத் தண்ணீரும் மிளகாய்ச் செடியும்



மிளகாய் இல்லாத அடுப்பங்கரை நம் ஊரில் ஏது? ஆனால் பாருங்க, இந்தச் செடி இங்கே பிறந்ததல்ல. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்தது. அதுவரை நம் முன்னோருக்குக் காரம் என்றால் மிளகுதான். அந்தக் காரம் உள்ள காய் என்பதால் மிளகாய் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வந்த செடி ஊரோடு ஒன்றிப் போனாலும் உப்பை மட்டும் அது தாங்குவதில்லை.

ஏன் தாங்குவதில்லை? மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது; உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்தில் தண்ணீர் இருந்தும் செடிக்குத் தாகம்தான். தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மண் காயக் காய மிச்சமுள்ள ஈரத்தில் உப்பு இன்னும் கெட்டிப்படும். இலை நுனி கருகும், பூவும் பிஞ்சும் கொட்டும்.

1977இல் அமெரிக்க விஞ்ஞானிகள் மாஸ், ஹாஃப்மன் இருவரும் பயிர்கள் எவ்வளவு உப்பைப் பொறுக்கும் என்று பட்டியல் போட்டார்கள். மண்ணின் உப்பு அளவு 7.7 வரை பருத்தி தாங்கும். மிளகாய் 1.5 வரைதான். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு அளவுக்கும் விளைச்சலில் 100க்கு 14 பங்கு குறையும். 5ஐத் தொட்டால் ஏறக்குறைய பாதி மகசூல் போச்சு. மண் பரிசோதனைச் சீட்டில் 'மின் கடத்துதிறன்' என்று போடுகிறார்களே, அதுதான் இந்த அளவு. ஆனால் மண்ணை எப்படிக் கரைத்துப் பார்த்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். ஆகவே சீட்டைக் காட்டி விளக்கம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, இந்த உப்பு கிணற்றுக்குள் எப்படி வருகிறது? சென்னையில் அடையாறு கடலில் கலக்கும் இடத்திலிருந்து தெற்கே திருவான்மியூர், கோவளம் வரை கடலோரம் மணற்பாங்கான பூமி. மழைநீர் மணலில் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹாலந்திலும், 1901இல் ஜெர்மனியிலும் இந்தக் கணக்கைக் கண்டுபிடித்தார்கள். மேலே 1 அடியை இறைத்துவிட்டால் கீழே உப்புநீர் 40 அடி ஏறப் பார்க்கும்! நகரம் பெருகி இறைப்பு மிஞ்சியதும் இந்தக் கரையோரத்தில் பல கிணறுகள் உப்புக் கரித்தன. 1987இல் சென்னைப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2003இல் தமிழ்நாடு முழுதும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாயிற்று. கடலோரத்தில் மிளகாய் வைப்பவருக்கும் இதே பாடம்தான்: வானத்துத் தண்ணீரை இறக்காமல் பூமித் தண்ணீரை மட்டும் இறைக்கக் கூடாது.

இராமநாதபுரத்தாருக்கு இது பழைய பாடம். அங்கே உவர் பூமி உண்டு, தண்ணீரும் குறைவு. இருந்தும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி முண்டு மிளகாய் போடுகிறார்கள். மழை மேல்மண் உப்பைக் கீழே கழுவி இறக்குகிறது. ஊருணி, பண்ணைக்குட்டைத் தண்ணீர் பின்னால் கைகொடுக்கிறது. அந்த முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன? நாற்றங்காலுக்கு நல்ல தண்ணீரையே வையுங்கள். பார் உச்சியில் உப்பு சேரும். அதனால் நாற்றைப் பாரின் பக்கவாட்டில் நடுங்கள். உப்புத் தண்ணீரை அரைகுறையாகத் தெளித்தால் உப்பு வேரடியிலேயே தங்கும். வடிகால் வெட்டி, மழைநீரை வரப்புக்குள் தேக்கி, உப்பைக் கழுவி விடுங்கள். ஒன்றை மறக்காதீங்க. ஜிப்சம் களர் நிலத்துக்கு மருந்து. வெறும் உவருக்கு அதைப் போட்டுக் காசைக் கரைக்க வேண்டாம். உவரா களரா என்பதை மண் பரிசோதனைதான் சொல்லும்.

இந்த மழைக்கு முன்னாலேயே ஒரு பிடி மண்ணும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.