மாரிகுப்பம் காத்த தமிழன்

1907 ஜூன் 19. சென்னை இராயப்பேட்டையில் நான்கு பக்க வாரப் பத்திரிகை ஒன்று பிறந்தது. விலை காலணா, பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அடுத்த ஆண்டு பெயர் சுருங்கி 'தமிழன்' ஆயிற்று. நடத்தியவர் சித்த மருத்துவர் க. அயோத்திதாசப் பண்டிதர்.

அந்தத் தாளுக்கு உயிராய் வாய்த்த ஊர்களில் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் முக்கியமானது. சுரங்கத்தின் காலடியில் மாரிகுப்பம். பஞ்சமும் சாதியும் விரட்ட, வட ஆற்காட்டிலிருந்து வந்து பாறைக்குள் இறங்கியவர்கள் அங்கே தட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். வீடு கம்பெனியுடையது, தங்கமும் கம்பெனியுடையது. விட்டுவந்த ஊரிலோ அவர்களில் பலருக்குக் காணி நிலமில்லை. சேரி என்ற பெயர்தான் மிச்சம். அப்படிப்பட்டவர்கள் கையில்தான் 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்து சேர்ந்தது. இந்த நாடு பௌத்தர்களுடையது, நீங்களே அதன் பூர்வ குடிகள், தாழ்த்தப்பட்டது பின்னால் நடந்தது என்றார் பண்டிதர். சொற்களைப் பிரித்து அவர் சொன்ன விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்றைய வரலாற்றாய்வு ஏற்காது. ஆனால் தம் நாட்டில் தம்மை அயலாராக்கியவர்களிடம் 'இது எங்கள் மண்' என்று சொல்லும் துணிவை அந்தப் பக்கங்கள் தந்தன. அதை நான் சிறிதும் குறைத்து மதிக்க மாட்டேன். மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கம் வேர் பிடித்தது. சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டது.

1914-ல் பண்டிதர் மறைந்தார். மகன் சிறிது காலம் நடத்திப் பார்த்தார். பிறகு பத்திரிகை நின்றது. நீண்ட மௌனம். சென்னையில் அணைந்த அந்த விளக்கை 1926-ல் ஏற்றியது தங்கவயல். ஜி. அப்பாதுரையார் ஆசிரியராக, மைசூர் சமஸ்தானத்து மண்ணிலிருந்து, அதே பெயரில் 'தமிழன்' மீண்டும் வந்தது. ஊரை விட்டு வந்தவர்கள் ஊரின் பெயரைத் தூக்கி நிறுத்தினார்கள். 1930-களில் அதுவும் நின்றது.

தாள் மட்டும் அழியவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாகக் காத்து வைத்திருந்தார்கள். அவற்றிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-ல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து முதலில் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. காலணாத் தாள் கனத்த புத்தகமாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பிவிட்டது.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல்காரர்கள் இன்றும் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். இரவு அதே ரயிலில் மாரிகுப்பத்துக்குத் திரும்பி வருகிறார்கள்.