தோம்பும் தீவகமும்: ஒரு பதிவேட்டு நிர்வாகத்தின் சமூக அடிப்படை

யாழ்ப்பாணத் தீவகத்தின் நில உறவுகளை ஆராய முற்படுவோர்க்கு ஒல்லாந்தர் காலத் தோம்புகள் முதன்மையான சான்றுகளாகும். எவர் எக்காணியை ஆண்டார், எவ்வரியைச் செலுத்தினார், எக்கடமைக்கு உட்பட்டிருந்தார் என்பனவற்றை அவை கூறுகின்றன. ஆயின் தோம்பு என்பது தகவல்கள் தாமாகவே வந்து தேங்கிய களஞ்சியமன்று. அதனைத் திறக்கவும், அதில் எழுதவும், எழுதியதை மாற்றவும் உரிமை பெற்றிருந்தோர் மிகச் சிலரே. இன்று கணினித் தரவுத்தளமொன்றைச் சேவையகத்தில் நிறுவி நிர்வகிப்போர், வாசிக்கும் உரிமையையும் எழுதும் உரிமையையும் வெவ்வேறாகப் பிரித்தே வழங்குகின்றனர். அப்பிரிப்பினைக் கணினி யுகத்தின் புதுமையெனக் கொள்ளுதல் பொருந்தாது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் வாழ்ந்த குடியானவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அதன் பொருளை அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

தோம்பு என்ற சொல் போர்த்துக்கேய மொழிவழி வந்தது. 1619 இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் நிலத்தையும் இறையையும் பதியும் வழக்கத்தைப் புகுத்தினர். 1658 இல் அவர்களை வென்ற ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி அம்முறையை விரிவாக்கிற்று. ஆட்களையும் அவர்தம் குடும்பங்களையும் பதிந்தது தலைத்தோம்பு. காணிகளைப் பதிந்தது நிலத்தோம்பு. நிலவரி, தலைவரி, ஊழியம் ஆகிய மூன்றையும் தவறாது அறவிடுவதற்கு இவ்விரண்டும் இணைத்து நோக்கப்படல் வேண்டியிருந்தது. அதாவது, மனிதனை அவனது நிலத்தோடும் குலத்தோடும் பிணைத்து ஒரே பார்வையில் காணும் வசதியைக் கம்பனி பெற்றது. நிலமானிய உறவுகளை வணிக முதலாளித்துவம் அழிக்கவில்லை. அவற்றைக் கணக்கில் எழுதித் தனக்குப் பயன்படுத்திக்கொண்டது.

கம்பனி தீவுகளுக்கு இட்ட பெயர்களும் இம்மனப்பாங்கினையே காட்டுகின்றன. காரைதீவு ஆம்ஸ்ரடாம் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், எழுவைதீவு ஹோர்ன், நெடுந்தீவு டெல்வ்ற். இவ்வைந்தும் கம்பனியின் ஆறு வணிகச் சபைகள் அமைந்திருந்த நகரங்களைச் சேர்ந்த பெயர்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. வேலணை, ஊர்காவற்றுறை அடங்கிய தீவுக்கு இட்ட லெய்டனும் நயினாதீவுக்கு இட்ட ஹார்லெமும் அவ்வரிசைக்குப் புறம்பானவை. இவற்றுள் டெல்வ்ற் ஒன்றே ஆங்கில வழக்கில் நிலைத்தது. தீவார் வாயில் அது என்றும் நெடுந்தீவுதான்.

இனி, தோம்பினை எழுதியோர் யாவர் என்பதைக் காண்போம். தலைமைப் பொறுப்பு ஒல்லாந்த உத்தியோகத்தருடையது. எனினும், காணியின் பெயரும் எல்லையும் உரித்தாளரின் வழிமுறையும் அவருக்கு முதலியார், மயோரால், கணக்கப்பிள்ளை முதலியோர் வாயிலாகவே எட்டின. 1697 இல் பதவியைக் கையளித்த கொமாந்தோர் சுவார்டெக்குறூன் தமக்குப் பின்வருவோர்க்கு எழுதிய நிர்வாகக் குறிப்பில், இவ்வுள்ளூர்ப் பதவிகள் வேளாளரிடம், அவருள்ளும் உறவால் நெருங்கிய சிலரிடம், குவிவது பற்றிய கவலை வெளிப்படுகின்றது. கம்பனியின் கவலை நீதி பற்றியதன்று, வருமானம் பற்றியது. ஆயினும் பதிவேட்டின் கடவுச்சாவி யார் கையிலிருந்தது என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாணக் கோட்டைக்கு வந்து தன் பெயரில் பிழையுண்டு என முறையிடுவது ஒரு மீனவனுக்கோ சாயவேர் கிண்டுபவனுக்கோ எளிதாயிருந்திருக்க முடியாது.

தோம்பு தனித்து இயங்கவில்லை. மென்பொருளுக்குச் செருகுநிரல்கள் போல அதனோடு பிற ஏடுகளும் பொருத்தப்பட்டன. அவற்றுள் முக்கியமானது சட்டம்பியார் பேணிய பாடசாலைத் தோம்பு. ஞானஸ்நானமும் விவாகமும் அதிற் பதியப்பட்டன. முறையான பிறப்பையும் அதன்வழி முதுசொத்தையும் நிறுவ அதுவே சான்றாயிற்று. வீட்டிற் சைவராயும் ஏட்டிற் சீர்திருத்தக் கிறித்தவராயும் பலர் வாழ்ந்தமைக்குப் பொருளியற் காரணம் இங்கேயே உள்ளது. இதனைப் போலித்தனம் என்று ஒதுக்குவோர் ஏட்டின் வலிமையை உணராதவராவர். காணி விற்பனையையும் தேவாலயத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அறிவித்தல் வேண்டும் என்ற விதி, வாய்மொழியாக நடந்த ஊர் வழக்கினை எழுத்தின் ஆட்சிக்குள் கொணர்ந்தது.

அவ்வாட்சிக்கு விதிநூலாக அமைந்தது தேசவழமை. ஆளுநர் சைமன்ஸ் ஆணைப்படி திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707 இல் அதனைத் தொகுத்து முடித்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அதனைப் பார்வையிட்டு ஏற்புரை வழங்கியோர் 12 முதலியார்கள். தோம்புக்குத் தகவல் தந்த வர்க்கமே அத்தகவலுக்குரிய விதியையும் சரிபார்த்தது. முதுசம், சீதனம், ஒற்றி என்பனவற்றோடு அடிமைகள் பற்றிய பகுதியும் அதில் இடம்பெற்றமை தற்செயலன்று. இலங்கையில் 1844 இல் அடிமைமுறை சட்டப்படி ஒழியும்வரை அம்மக்கள் உடைமையாளராக அன்றி உடைமையாகவே ஏட்டில் நின்றனர்.

எனினும் உழைப்போரின் அறிவு முற்றாக அழிந்துவிடவில்லை. யாழ்ப்பாண உறுதிகளில் இன்றும் நிலம் பரப்பாலும் குழியாலும் அளக்கப்படுகின்றது. நெல் விதைக்கும் நிலத்தில் ஒரு பரப்பு 12 குழி; வரகு விதைக்கும் நிலத்தில் 18 குழி. ஆகவே ஓர் ஏக்கர், நெற்கணக்கில் 24 பரப்பு, வரகுக்கணக்கில் 16 பரப்பு. விதையின் இயல்பே அளவையை நிர்ணயித்தது. அளவுகோல் கொண்டுவந்த கம்பனியும் பின்வந்த பிரித்தானியரும் உழவனது இவ்வளவையை நீக்க இயலாது தம் ஏடுகளுள் ஏற்றனர்.

பிரித்தானியர் 1806 இல் தேசவழமைக்குச் சட்டவலு அளித்தனர். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காணிக் கைமாற்றத்திற்கு நொத்தாரிசு உறுதியை வேண்டிற்று. தோம்பின் இடத்தை உறுதிப் பதிவு பிடித்தது. அது ஆவணத்தைப் பதிந்ததேயன்றி உரித்தைச் சரிபார்க்கவில்லை. தலைமுறைதோறும் பங்குகள் பிரிந்து, பிரிக்கப்படாத காணிகளில் சிறு பின்னங்களாகக் குவிந்தன. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்த புங்குடுதீவு, வேலணை வணிகர் பலருக்கு அப்பின்னமே ஊருடன் இருந்த தொடர்பு.

1990 இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது ஆயிரக்கணக்கானோர் இடம்பெயர்ந்தனர். பலர் உறுதிகளை இழந்தனர். பத்தாண்டு எதிர் ஆட்சியால் உரித்துப் பெறலாம் என்னும் 1871 ஆம் ஆண்டின் சட்டம், ஓடியவருக்கு எதிராகவே இயங்கக்கூடியதாயிருந்தது. இதனைத் தணிக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் 01.05.1983 முதல் 18.05.2009 வரையான காலத்தைப் பாதிக்கப்பட்டோர்க்குக் கணக்கிலிருந்து விலக்கிற்று. ஆயினும் 28.03.2025 திகதிய வர்த்தமானி, வட மாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கர் நிலத்துக்கு மூன்று மாதங்களுள் உரிமை கோராவிடின் அது அரசுக்குரியதாகும் என அறிவித்தது. எதிர்ப்பின் பின் அவ்வறிவித்தல் அவ்வாண்டிலேயே மீளப்பெறப்பட்டது. புலம்பெயர்ந்து கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் தீவாரின் பெட்டிகளில், காணிப் பெயரும் பரப்பும் மங்கிய பழைய உறுதிப் பிரதிகள் இன்றும் உள்ளன.