சோய் செம்மறியாடு

சோய் செம்மறியாடு என்பது ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் மேய்ப்பர் இன்றி வாழும் தொன்மையான செம்மறி இனமாகும். உருவில் சிறியது. இதன் கம்பளி தானாகவே உதிரும்.

வரலாறு

செயின்ட் கில்டாவின் கடைசிக் குடிமக்கள் 36 பேரும் 1930 ஆகஸ்ட் 29 அன்று, தங்கள் வேண்டுகோளின்படியே, அங்கிருந்து அகற்றப்பட்டனர். 1932 இல் சோய் என்ற சிறு தீவிலிருந்து 107 ஆடுகள் ஆளில்லாத ஹிர்ட்டா தீவில் கொண்டுவந்து விடப்பட்டன. அதாவது, இவை தாமாக அங்கு சென்றவை அல்ல. 1957 முதல் இத்தீவுகள் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் உடைமையாக உள்ளன.

எண்ணிக்கை

ஹிர்ட்டாவில் வளர்ந்த ஆடுகளைக் கொன்றுண்ணும் விலங்கு இல்லை. மந்தை பெருகும்போது புல் போதாமற் போகிறது. குளிர்கால இறுதியில் பட்டினியாலும் குடற்புழுக்களாலும் ஆடுகள் இறக்கின்றன. சில ஆண்டுகளில் பாதிக்கு மேல் மடிந்துள்ளன. எஞ்சியவை விரைவில் மீண்டும் பெருகுகின்றன. 1985 முதல் ஆய்வாளர்கள் இச்சுழற்சியைத் தொடர்ந்து பதிவு செய்து வருகின்றனர்.

நலப் பொறுப்பு

அறக்கட்டளை இவற்றைக் காட்டு விலங்குகளாகவே கருதுகிறது, தீவனம் இடுவதில்லை. ஸ்காட்லாந்தின் 2006 ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமோ, பிரித்தானியத் தீவுகளில் பொதுவாக வீட்டில் வளர்க்கப்படும் வகை விலங்குகளையும் பாதுகாப்புக்கு உரியவையாகக் கொள்கிறது. செம்மறி அவ்வகையே என்பது விமர்சகர்களின் வாதம். எனினும் பராமரிப்புக் கடமை உரிமையாளருக்கோ பொறுப்பாளருக்கோ மட்டுமே உண்டு. எனவே நிலத்தின் உடைமையாளர் ஆட்டுக்கும் உடைமையாளரா என்பதே சிக்கல். ஆய்வுக்காகப் பல ஆடுகள் காதில் எண் அட்டை பூட்டப்பட்டு, ஆகஸ்ட் மாதங்களில் பிடித்து எடை பார்க்கப்படுகின்றன என்பதால், 'காட்டு விலங்கு' என்ற சொல் முழுமையாகப் பொருந்துவதாகத் தெரியவில்லை. தீவனம் இடுவதும் எளிய தீர்வன்று: பிழைக்கும் ஆடுகள் கூடினால் அடுத்த குளிர்காலத்தில் புல் மேலும் குறையும்.