பொய் பேசினா பதவி போகுமா?

தலைவர்கள் மேடையில உண்மையைத்தான் பேசணும்னு அரசியல் சட்டம் சொல்லுதா? இந்தக் கேள்விக்கு நான் போய் நிக்கிற இடம், நிக்சன் காலத்து அமெரிக்கா.

1972 ஜூன் 17. வாட்டர்கேட் கட்டடத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள்ள புகுந்த ஐந்து பேர் பிடிபட்டாங்க. வெள்ளை மாளிகைக்கு இதில் சம்பந்தமே இல்லைன்னு அதிபர் நிக்சன் மக்கள்கிட்ட திரும்பத் திரும்பச் சொன்னார்.

அமெரிக்க அரசியல் சட்டத்தைப் புரட்டிப் பாருங்க. அதிபர் பொய் பேசக் கூடாதுன்னு ஒரு வரிகூட இல்லை. பதவியை விசுவாசமா நடத்துவேன்ங்கிற உறுதிமொழி இருக்கு. சட்டங்கள் ஒழுங்கா நிறைவேறுதான்னு பார்த்துக்கிற கடமை இருக்கு. அவ்வளவுதான்.

1974 ஜூலை 27 அன்று, பிரதிநிதிகள் சபையின் நீதிக் குழு அந்த ரெண்டையும்தான் பிடிச்சுக்கிட்டது. விசாரணையைத் தடுத்தார் என்ற முதல் குற்றச்சாட்டு 27-க்கு 11 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தடுக்க அவர் கையாண்டதாகச் சொன்ன ஒன்பது வழிகளில் எட்டாவது, மக்களை ஏமாற்றப் பொய்யான அறிக்கைகள் வெளியிட்டது!

கவனிங்க, வெறும் பொய் அங்கே தனிக் குற்றம் ஆகலை. குற்றத்தை மறைக்க உதவினதால பட்டியலில் ஏறுச்சு.

ஆகஸ்ட் 5-ல் நிக்சனின் சொந்தக் குரல் பதிவான ஒலிநாடா வெளியாச்சு. விசாரணையைத் திசைதிருப்பச் சொன்னது அதில் இருந்தது. 9-ஆம் தேதி பதவி விலகினார். முழு சபை வாக்களிக்கவே இல்லை.

உண்மை பேசச் சட்டம் கட்டாயப்படுத்தலை. கேள்வி கேட்க ஆள் இருந்தாங்க, கையில் ஆதாரமும் இருந்தது. அதனாலதான் பொய்க்கு விலை கொடுக்க வேண்டி வந்தது.