ஒரு வீடு, ரெண்டு குசினி

யாழ்ப்பாணத்தில ஒரு வீடு ரெண்டு வீடாகிட்டுது எண்டதை எப்பிடிக் கண்டுபிடிக்கலாம்? மதிலையோ படலையையோ பாத்தால் தெரியாது. குசினியை எண்ணுங்கோ. புதுசா ஒரு குசினி வந்திருந்தால் அங்க புதுசா ஒரு குடும்பம் வந்திருக்கு. பக்கவாட்டில வெளிப் படிக்கட்டும் ரெண்டாவது கரண்ட் மீற்றரும் தெரிஞ்சால் மேல்மாடியும் வாடகைக்குப் போட்டுது. மாநகர சபைக்கு இது ஒரு 'பிளான்' விசயம். ஆனா அந்தப் பிளானுக்குப் பின்னால முந்நூறு வருசக் கதை இருக்கு.

முதல்ல தேசவழமை. 1707 இல், ஒல்லாந்தர் காலத்துத் திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எங்கட ஆக்களின்ர சொத்து வழக்கங்களைத் தொகுத்தார். 1806 இல் பிரித்தானியர் அதைச் சட்டமாக ஏற்றுக்கொண்டினம். முதுசம், சீதனம், தேடியதேட்டம் எண்டு சொத்தை மூண்டாகப் பிரிச்சுப் பாக்கிற அந்த முறைக்குள்ள வீடு பெரும்பாலும் மகளோட போகும். ஒரு மகளெண்டால் பிரச்சினை இல்லை. மூண்டு மகளெண்டால்? காணி துண்டாகும், இல்லாட்டி வீடே துண்டாகும். நாற்சார் வீட்டின்ர நடு முற்றத்தில சுவர் எழும்பின கதை எங்கட ஊர்களில புதுசில்லை.

பழைய உறுதிகளை வாசிச்சால் இதின்ர நுணுக்கம் விளங்கும். இத்தனை பரப்பு, இத்தனை குழி எண்டு எழுதினபிறகு, கிணத்தில பங்கு, வழி வாய்க்கால் உரிமை எண்டும் எழுதியிருப்பினம். வீட்டைப் பிரிச்சாலும் தண்ணியைப் பிரிக்கேலாது எண்டது அந்த நொத்தாரிசுமாருக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. பங்குக்காரர் தன்ர பங்கை வெளியாளுக்கு விக்கிறதெண்டால் முதல்ல மற்றப் பங்குக்காரருக்கு அறிவிக்க வேணும் எண்ட வழக்கமும் இருந்தது. 1947 ஆம் ஆண்டு அதுக்கெண்டே தனிச் சட்டம் ஒண்டு வந்தது. பக்கத்தில ஆர் வந்து குடியிருக்கப் போகினம் எண்டதில குடும்பத்துக்கும் ஒரு சொல் இருக்க வேணும் எண்ட எண்ணம் அது. அதில நல்லதும் இருக்கு, வேண்டாதவையை வெளியில நிப்பாட்டுற கெட்டதும் இருக்கு.

சபை இதுக்குள்ள வந்தது வேற வாசலால. 1914 இல் கொழும்பில கொள்ளைநோய் பரவினது. அடுத்த வருசம், 1915 இன் 19 ஆம் இலக்கமாக, வீடமைப்பு நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் வந்தது. கட்டிடத்தில 'மாற்றம்' எண்டால் என்ன எண்டு அது ஒரு பட்டியல் போடுது. ஒரு குடியிருப்பாகக் கட்டினதை ஒண்டுக்கு மேற்பட்ட குடியிருப்பாக்கிறதும் அந்தப் பட்டியலில இருக்கு. சபைத் தலைவரின்ர எழுத்துமூல அனுமதி இல்லாமல் அதைச் செய்யக்கூடாது. நூறு வருசத்துக்கு முந்தின சட்டம் பயந்தது ஒரு கூரைக்குக் கீழ கூடிப்போற ஆக்களுக்கும், காத்துக்கும், வெளிச்சத்துக்கும், மலகூடத்துக்கும்.

அந்தப் பயம் யாழ்ப்பாணத்துக்கு இண்டைக்கும் பொருந்தும். எங்களுக்கு ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள்ள நிக்கிற நிலத்தடி நீர்தான் பெரும்பாலும் எல்லாத்துக்கும். நகரத்தில பொதுக் கழிவுநீர்க் குழாய் அமைப்பும் இல்லை, ஒவ்வொரு வளவுக்கும் ஒவ்வொரு குழி. அஞ்சு பேருக்கு வெட்டின குழியில இருபது பேரின்ர கழிவு போனால், அது கல்லின்ர வெடிப்புகளுக்குள்ளால பக்கத்து வளவுக் கிணத்துக்கும் போகும். அதனால 'என்ர வீடு, நான் எப்பிடியும் பிரிப்பன்' எண்ட நியாயம் இங்க எடுபடாது.

1973 இல் வந்த தொடர்மாடி உடைமைச் சட்டம் கதையை மாத்திச்சுது. நிலம் ஆருக்கோ கட்டிடமும் அவருக்கு எண்டதுதான் பழைய விதி. இந்தச் சட்டத்துக்குக் கீழ மேல்மாடிக்குத் தனியா உறுதி முடிக்கலாம், படிக்கட்டும் நிலமும் பொதுவில இருக்கும். கொழும்பு இதைப் பிடிச்சுக்கொண்டுது. யாழ்ப்பாணம் அப்ப பெரிசாக் கவனிக்கேல்லை. இங்க தொடர்மாடி எண்டால் கனகாலம் குருநகர்தான் ஞாபகம் வரும். மற்ற ஆக்களுக்கு வளவும் கிணறும் இல்லாட்டி அது வீடே இல்லை. இந்த எண்ணத்தில கொஞ்சம் சாதித் திமிரும் வர்க்கத் திமிரும் கலந்திருந்தது எண்டுதான் நாங்கள் நினைக்கிறம்.

1986 இல் நகர அபிவிருத்தி அதிகார சபை வெளியிட்ட திட்டமிடல், கட்டிட ஒழுங்குவிதிகள் ஒரு துண்டுக் காணிக்கு ஆகக் குறைஞ்ச அளவை 150 சதுர மீற்றராக வைச்சுது. அதாவது ஏறக்குறைய 6 பேர்ச். ஒரு பரப்பு எண்டால் 10 பேர்ச். கணக்கைப் பாருங்கோ: ஒரு பரப்பை ரெண்டு மகளுக்குப் பாதி பாதியாப் பிரிச்சால் ஆளுக்கு 5 பேர்ச். அந்த அளவுத் துண்டை விதி ஏற்காது. அப்ப மிஞ்சிறது பிரிபடாத பங்கு. வீட்டுக்குள்ள சுவரும் ரெண்டாவது குசினியும், கடதாசியில ஒரே வீடு. இதைக் கள்ளத்தனம் எண்டு மட்டும் சொல்லேலாது. சீதனத்துக்கும் சதுர மீற்றருக்கும் இடையில நசுங்கின குடும்பங்கள் கண்டுபிடிச்ச வழி அது.

இதுகளை ஆர் தீர்மானிச்சது எண்டதும் ஒரு கேள்வி. 1949 இல் மாநகர சபையாகின யாழ்ப்பாணத்தில போர்க்காலத்தில கன வருசம் தெரிவு செய்யப்பட்ட சபையே இல்லை. 1998 தேர்தலுக்குப் பிறகு மேயரான சரோஜினி யோகேஸ்வரனும், அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலனும் அதே வருசத்துக்குள்ள கொல்லப்பட்டினம். 2023 மார்ச்சில நாடு முழுக்கச் சபைகளின்ர காலம் முடிஞ்சு, 2025 மே மாதத் தேர்தல் வரைக்கும் அதிகாரிகள்தான் நடத்தினவை. அப்பிடியான காலத்தில பக்கத்து வீட்டுக்காரர் தன்ர கிணத்தைப் பற்றிக் கேக்கிறதெண்டால், அவர் வாக்குப் போட்டு அனுப்பின உறுப்பினர் ஒராளும் கதிரையில இல்லை.

இப்ப வெளிநாட்டுக் காசில பழைய வளவுகளில மாடிகள் எழும்புது. பல்கலைக்கழகப் பெடியளுக்கும் வேலைக்கு வாறவைக்கும் அறை வேணும், அதை நாங்கள் மறுக்கேல்லை. எங்களில சிலபேர் அப்பிடிப்பட்ட மேல்மாடிகளிலதான் இருக்கிறம். எங்கட கேள்வி பிளானைப் பாக்கிற மேசைக்குத்தான். மாடி எத்தனை, வாகனம் நிப்பாட்ட இடம் எவ்வளவு எண்டு கேக்கிற அதே நேரத்தில, இந்த வளவின்ர கிணத்தில வேற ஆருக்குப் பங்கு இருக்கு எண்டு உறுதியைத் திறந்து ஒருக்கால் பாக்கலாமே?